நான்காம் பதிப்பு விற்கவில்லையா? எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐம்பதாண்டு வரலாற்றைச் சொன்ன உங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை நன்றாகவே இருந்தது. ஒரு வாக்கியம் மட்டும் உறுத்தியது. 2008-ல் வந்த நான்காம் பதிப்பு விற்கவே இல்லை, அதனால்தான் நிறுவனம் அதைக் கைவிட்டது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்களில் ஒரு பாதி இதை அடித்துச் சொல்லும். மறு பாதி பச்சைப் பொய் என்று சாதிக்கும். யார் எந்தப் பக்கம் நிற்பார் என்று தெரிந்துகொள்ள அவர் எந்தக் கணக்கைப் பார்த்தார் என்று கேட்க வேண்டியதே இல்லை. எந்தப் பதிப்பு அவருக்குப் பிடிக்கும் என்று கேட்டால் போதும், விற்பனை பற்றி அவர் என்ன சொல்வார் என்பது தெரிந்துவிடும். இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு சொல் குழப்பம். தமிழில் 'மூன்றாம் பதிப்பு' என்று அட்டையில் போட்டால் பெரும்பாலும் அதே நூல் மூன்றாவது முறை அச்சானது என்றுதான் பொருள். இந்த ஆட்டத்தில் பதிப்பு என்றால் விதிகளையே பிரித்து மறுபடி கட்டுவது. 2000-ல் மூன்றாம் பதிப்பு, 2003-ல் அதன் திருத்தமான 3.5, 2008-ல் நான்கு, 2014-ல் ஐந்து, 2024-ல் ஐந்தின் திருத்தம். ஒவ்வொன்றுக்கும் உள்ளே பல அச்சுகள். ஒரு பதிப்பிலிருந்து அடுத்ததற்குப் போவது என்றால் அலமாரியில் இருக்கும் புத்தகங்களில் பாதியை ஒதுக்கிவிட்டு மறுபடி பணம் போடுவது. ஆகவே புதிய பதிப்பு பிடிக்காதவருக்கு அது தோற்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். பணம் போட்டு வாங்கியவருக்கு அது ஜெயிக்க வேண்டும் என்ற ஆசை. இருவருமே ஆசையைத் தகவலாகப் பேசுவார்கள். பொய் சொல்கிறோம் என்று இருவருக்குமே தெரியாது.

கடை அலமாரியை எடுத்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பின் விதிநூல் ஆறு பிரதிகள் அடுக்கி இருக்கின்றன. பிடிக்காதவர் பார்த்தால்: 'பாருங்கள், அப்படியே தேங்கிக் கிடக்கிறது.' பிடித்தவர் பார்த்தால்: 'இவ்வளவு வாங்கி வைக்கிறார் என்றால் ஓடுகிறது என்றுதானே பொருள்.' அலமாரி காலியாக இருந்தாலும் இதே கதைதான். ஒருவருக்கு 'விற்றுத் தீர்ந்துவிட்டது', மற்றவருக்கு 'கடைக்காரர் வாங்கவே இல்லை.' உண்மையில் அடுக்கைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. கடைக்காரர் வாரத்துக்கு எத்தனை விற்கிறார், எத்தனை நாளுக்கு ஒருமுறை மொத்த வியாபாரியிடம் வாங்குகிறார் என்ற இரண்டு எண்களும் தெரிந்தால்தான் அந்த ஆறு பிரதி நிறையவா குறைவா என்பது புரியும். வாரம் மூன்று விற்கும் கடையில் ஆறு என்பது இரண்டு வாரச் சரக்கு. மாதம் ஒன்று விற்கும் கடையில் அதே ஆறு அரையாண்டுச் சுமை.

அடுத்தது ஆடும் மேசை. நான்கிலிருந்து ஆறு பேர் சேர்ந்து உட்காரும் ஆட்டம் இது. பதிப்பு மாறும்போது ஒத்துப்போகிறவர்கள் ஒரு மேசையில் சேர்ந்துகொள்வார்கள்; மற்றவர்கள் வேறு மேசை தேடிப் போவார்கள். ஆறு மாதத்தில் ஒவ்வொரு மேசையும் நூற்றுக்கு நூறு ஒரே பதிப்பு ஆகிவிடும். அந்த மேசையில் இருப்பவருக்கு 'எனக்குத் தெரிந்த எல்லோரும் இதைத்தான் ஆடுகிறார்கள்' என்பது உண்மையே. ஆனால் அந்த 'எல்லோரும்' சல்லடையில் சலித்து எடுத்த கூட்டம்.

இதற்கு உளவியலில் பெயரே உண்டு, பொய்யான ஒருமித்த கருத்து. 1977-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் லீ ராஸும் அவருடன் பணியாற்றியவர்களும் மாணவர்களிடம் ஒரு விளம்பரப் பலகையை மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வரச் சொன்னார்கள். சரி என்றவர்களிடம், மற்றவர்களில் எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன சராசரி 62 சதவீதம். முடியாது என்றவர்களோ, 67 சதவீதத்தினர் மறுப்பார்கள் என்றார்கள். ஒரே வளாகம், ஒரே பலகை. தன்னைப் போலத்தான் ஊரும் இருக்கும் என்ற நினைப்பு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு.

இனி நான்காம் பதிப்புக்கு வருகிறேன். 2008 ஜூனில் வெளியாகும் தறுவாயிலேயே மறு அச்சுக்குப் போவதாக, இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட்டில், 3.5 விதிகளை அடிப்படையாகக் கொண்டு பைசோ நிறுவனம் பாத்ஃபைண்டர் என்ற போட்டி ஆட்டத்தை வெளியிட்டது. அதன் முதல் அச்சும் வெளியீட்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டதாக அறிவித்தார்கள். ஆக இரண்டு தரப்பு ரசிகர்கள் கையிலும் 'முதல் அச்சு தீர்ந்தது' என்ற ஆயுதம் இருக்கிறது. எத்தனை பிரதி அச்சடித்தார்கள் என்பது தெரியாமல் இந்தச் செய்திக்கு ஒரு மதிப்பும் இல்லை. 1974-ல் இந்த ஆட்டத்தின் முதல் அச்சே ஆயிரம் பெட்டிகள்தான். அதுவும் தீர்ந்தது. ஆயிரம் தீர்வதும் தீர்வதுதான், லட்சம் தீர்வதும் தீர்வதுதான். 2023 ஜனவரியில், தன் விதிகளை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த விடும் திறந்த உரிம ஒப்பந்தத்தை விசார்ட்ஸ் மாற்றப் பார்த்ததால் தகராறு வெடித்தபோது, பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பின் எட்டு மாதச் சரக்கு இரண்டே வாரத்தில் போய்விட்டது என்று பைசோ சொன்னது. வேகம் எப்படிக் கூடியது என்பதற்கு அது நல்ல சான்று. அதை வைத்துக்கொண்டு 'இனி பாத்ஃபைண்டர்தான் பெரிய ஆட்டம்' என்று கிளம்பியவர்கள் வேகத்தையும் அளவையும் குழப்பிக்கொண்டார்கள். ஒரு சிற்றோடையில் வெள்ளம் வந்தாலும் அது ஆற்றின் அகலத்தைச் சொல்லிவிடாது.

நான்காம் பதிப்பு தோற்றது என்பவர்கள் கடைசியில் காட்டுவது ஐசிவி2 என்ற அமெரிக்க வணிக இதழின் தரவரிசையை. 2010-ன் மூன்றாம் காலாண்டில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸும் பாத்ஃபைண்டரும் சமநிலை. 2011-ன் இரண்டாம் காலாண்டில் பாத்ஃபைண்டர் முதலிடம். இது உண்மை. ஆனால் இந்த வரிசை எப்படித் தயாராகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கடைக்காரர்கள், மொத்த வியாபாரிகள், தயாரிப்பாளர்கள் ஆகியோரிடம் கேட்டு, விளையாட்டுக் கடை வட்டாரத்தில் எது முன்னால் ஓடுகிறது என்று வரிசைப்படுத்துகிறார்கள். பிரதி எண்ணிக்கை தருவதில்லை. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவே பத்துப் பிரதி வித்தியாசமா பதினாயிரமா என்று வரிசையைப் பார்த்து அறிய முடியாது.

இரண்டு நிறுவனங்களும் தங்கள் புத்தகங்களை எப்படி வெட்டினார்கள் என்பதையும் பாருங்கள். நான்காம் பதிப்புக்கு மூன்று அடிப்படை நூல்கள்: ஆட்டக்காரர் நூல், ஆட்டத்தை நடத்துபவருக்கான நடத்துநர் நூல், எதிர்ப்படும் அரக்கர்களைப் பற்றிய அரக்கர் நூல். ஒவ்வொன்றும் 34.95 டாலர். பாத்ஃபைண்டரில் ஆட்டக்காரர் பகுதியும் நடத்துநர் பகுதியும் ஒரே 576 பக்கத் தடித்த நூல், 49.99 டாலர், அரக்கர் நூல் தனியாக 39.99. ஒரு மேசைக்குக் கணக்குப் போடுவோம். நான்காம் பதிப்பு மேசையில் மூன்று பேர் ஆட்டக்காரர் நூல் வாங்கி, நடத்துபவர் மற்ற இரண்டையும் வாங்கினால் ஐந்து பிரதி, 174.75 டாலர். பாத்ஃபைண்டர் மேசையில் இரண்டு பேர் பெரிய நூலும் ஒருவர் அரக்கர் நூலும் வாங்கினால் மூன்று பிரதி, 139.97 டாலர். மேசை இரண்டும் ஒன்றுதான். பிரதியை எண்ணினால் ஐந்துக்கு மூன்று. பணத்தை எண்ணினால் இடைவெளி சுருங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, பாத்ஃபைண்டர் விதிகளை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம், 3.5-ன் பழைய அரக்கர் நூல்களையும் சிறு மாற்றங்களோடு அதில் ஆட முடியும். அதனால் ஒரு மேசைக்கு அங்கே குறைவான புத்தகமே தேவைப்பட்டது. இது பாத்ஃபைண்டர் ரசிகர்கள் சொல்ல மறுக்கும் வாதம் என்று நினைத்துவிடாதீர்கள், அவர்களுக்குச் சாதகமான வாதம்: எண்ணிய பிரதியைவிட ஆடியவர்கள் அதிகம்.

எதிர்ப்பக்கத்திலும் கணக்கில் வராத ஒன்று உண்டு. நான்காம் பதிப்புக்கு டிடிஐ என்ற மாதச் சந்தா இருந்தது. அதில் பாத்திரம் உருவாக்கும் மென்பொருள், டிராகன், டன்ஜன் இதழ்களின் மின்வடிவம் எல்லாம் அடக்கம். புதிய துணை நூல் வந்ததும் அதன் விதிகள் மென்பொருளுக்குள் ஏறிவிடும். மேசையில் ஒருவர் சந்தா கட்டினால் மற்றவர்கள் அந்தத் துணை நூலை வாங்காமலே அதன் விதிகளைப் பயன்படுத்தலாம். நிறுவனத்துக்குப் பணம் வருகிறது, கடைக்கு வரவில்லை. ஐசிவி2 கேட்டது கடையை. பைசோவும் தன் நூல்களை நேரடிச் சந்தாவாகவும் 9.99 டாலர் பிடிஎஃப் ஆகவும் விற்றது. அதுவும் வரிசையில் இல்லை. 2009 ஏப்ரலில் விசார்ட்ஸ் பிடிஎஃப் விற்பனையை அடியோடு நிறுத்தியிருந்தது. இரண்டு கணக்கிலும் ஓட்டை இருக்கிறது, ஆனால் ஒரே இடத்தில் இல்லை.

வெளியீட்டு அட்டவணையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. புதிய நூல் வந்த காலாண்டில்தான் தரவரிசை ஏறும். 2010 செப்டம்பரில் எசென்ஷியல்ஸ் என்ற நூல் வரிசை வந்த பிறகு நான்காம் பதிப்பின் வெளியீடுகள் மெலிந்தன. 2012 ஜனவரியில் அடுத்த பதிப்பு தயாராகிறது என்று அறிவித்தாகிவிட்டது. போகப் போகிற பதிப்புக்கு யார் பணம் போடுவார்கள்? அதே சமயம் பாத்ஃபைண்டர் மாதந்தோறும் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. ஆகவே 2012, 2013 வரிசைகளைக் காட்டி 2008-ன் விதிகளுக்குத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. அதற்காக நான்காம் பதிப்பு அமோகமாக ஓடியது என்றும் நான் சொல்ல வரவில்லை. நன்றாக ஓடும் பதிப்பை நான்கு ஆண்டில் மாற்ற எந்த நிறுவனமும் அவசரப்படாது. எதிர்பார்த்த அளவு வரவில்லை என்பது நியாயமான ஊகம். எதிர்பார்ப்பு குறைவதும் விற்கவே இல்லை என்பதும் வேறு வேறு.

ஐந்தாம் பதிப்பை நேசிப்பவர்களும் இதே தவறைத்தான் வேறு திசையில் செய்கிறார்கள். 2016-ல் அதன் வடிவமைப்பாளர் மைக் மேர்ல்ஸ், ஐந்தாம் பதிப்பின் ஆட்டக்காரர் நூல் 3, 3.5, 4 ஆகியவற்றின் வாழ்நாள் விற்பனையைத் தாண்டிவிட்டது என்று சொன்னார். தனித்தனியாகத் தாண்டியது என்பதே அவர் சொன்னது. மூன்றையும் கூட்டினாலும் தாண்டியது என்று பரவியது. அதைவிட முக்கியம், அந்த 'வாழ்நாள்' ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நீளம். 3-க்குக் கிடைத்தது மூன்றே ஆண்டு, பிறகு 3.5 அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஒரே குடும்பத்தின் விற்பனையை இரண்டாகப் பிளந்து, தனித்தனியாக எடைபோட்டால் எதுவும் சின்னதாகத்தான் தெரியும். பிறகு, 2015-க்குப் பின் ஆட்டத்தை நேரலையில் காட்டும் நிகழ்ச்சிகள் லட்சக்கணக்கானவர்களை இழுத்து வந்தன. கூட்டம் பெருகியதற்குப் பாராட்டை விதிகளுக்கு மட்டும் கொடுப்பது, அந்த விதிகள் பிடித்திருப்பதால் வரும் தாராளம்.

2024-ன் திருத்தப் பதிப்பில் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. ஆட்டத்தின் வரலாற்றிலேயே மிக வேகமாக விற்ற நூல் என்று நிறுவனம் சொன்னது. மறுப்பவர்கள் புக்ஸ்கேன் எண்களைக் கொண்டுவந்தார்கள். புக்ஸ்கேன், இன்று சர்கானா நிறுவனத்தின் கையில் இருக்கும் சேவை, அமெரிக்கப் புத்தகக் கடைகளின் பணப்பெட்டியில் பதிவாகும் விற்பனையைத் திரட்டுகிறது. பெரிய சங்கிலிக் கடைகளும் ஆன்லைன் புத்தகக் கடைகளும் அதில் வரும். விளையாட்டுக் கடைகள் பெரும்பாலும் வராது. விசார்ட்ஸின் தாய் நிறுவனமான ஹாஸ்ப்ரோ 2022-ல் வாங்கிய, இந்த ஆட்டத்துக்கான டிஅண்ட்டி பியாண்ட் இணையத் தளத்தில் நேரடியாக விற்கும் மின்நூலும், மின்நூலோடு சேர்த்துத் தரும் அச்சு நூலும் வராது. 2014-ல் அதிகாரபூர்வ மின்நூலே கிடையாது. வாங்கியவர் எல்லோரும் காகிதத்தைத்தான் வாங்கினார். ஆகவே 2014-ன் புக்ஸ்கேன் எண்ணையும் 2024-ன் புக்ஸ்கேன் எண்ணையும் பக்கத்தில் வைத்தால், ஒரு தராசுத் தட்டில் முழு மூட்டை, மறு தட்டில் அரை மூட்டை.

இதைக் கற்பனை எண்களால் காட்டுகிறேன். எந்த உண்மை நூலின் கணக்கும் அல்ல. பழைய பதிப்பு முதல் ஆண்டில் புத்தகக் கடையில் 50,000, விளையாட்டுக் கடையில் 30,000, ஆக 80,000 விற்றது. புதிய பதிப்புக்கு நிறுவனம் புத்தகக் கடைகளுக்கு 60,000, விளையாட்டுக் கடைகளுக்கு 40,000 அனுப்புகிறது; தளத்தில் நேரடியாக 35,000 மின்நூல் விற்கிறது. புத்தகக் கடைகள் 45,000 விற்று 15,000-ஐத் திருப்பி அனுப்புகின்றன. விளையாட்டுக் கடைகள் 30,000 விற்று 10,000-ஐ அலமாரியில் வைத்திருக்கின்றன. இப்போது கேளுங்கள். நிறுவனம்: 1,35,000 போயிருக்கிறது. புக்ஸ்கேன் காட்டுபவர்: 50,000 இருந்தது 45,000 ஆகிவிட்டது, பத்து சதவீதம் சரிவு. கைமாறிய மொத்தப் பிரதி: 1,10,000, அதாவது 37.5 சதவீதம் உயர்வு. மின்நூல் வாங்கியவர்களில் 20,000 பேர் அச்சு நூலும் வாங்கியிருந்தால், வாங்கிய ஆட்கள் 90,000, உயர்வு 12.5 சதவீதம்தான். நான்கு பேரும் உண்மையே பேசுகிறார்கள். யார் எந்த எண்ணை எடுத்துக்கொள்வார் என்பதைப் பதிப்பின் மேல் அவருக்குள்ள பாசமோ கோபமோ முடிவு செய்கிறது.

திருப்பி அனுப்புவது என்பது வெறும் காகிதக் கணக்கு அல்ல. இந்த ஆட்டத்தைத் தொடங்கிய டிஎஸ்ஆர் நிறுவனமே அதில் சிக்கித்தான் திணறியது. அதன் நூல்களைப் புத்தகக் கடைகளுக்குக் கொண்டுபோன ரேண்டம் ஹவுஸ், சரக்கு வந்ததுமே முன்பணம் கொடுத்துவந்தது. விற்காத பிரதிகள் திரும்பி வந்தபோது அந்தப் பணம் கடனாக மாறியது. கடைக்குப் போனதை விற்பனை என்று எண்ணிக்கொண்டதன் விலை அது. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1997-ல் நிறுவனம் விசார்ட்ஸ் கைக்குப் போனது. விளையாட்டுக் கடைகள் பொதுவாகச் சரக்கைத் திருப்ப முடியாது, வாங்கினால் அவர்கள் தலையில்தான். ஆகவே அங்கே ஆரம்ப ஆர்டர் கொஞ்சம் நம்பத்தக்கது. புத்தகக் கடை ஆர்டரில் ஒரு பங்கு எப்போதும் இரவல்.

ஹாஸ்ப்ரோவின் காலாண்டு அறிக்கையைக் காட்டுகிறவர்களும் உண்டு. அதில் இந்த ஆட்டத்துக்குத் தனிப் பத்தியே இல்லை. விசார்ட்ஸும் டிஜிட்டல் விளையாட்டும் சேர்ந்த ஒரு பிரிவுக்குள் போட்டிருப்பார்கள். அந்தப் பிரிவில் 2022-ல் நூறு கோடி டாலரைத் தாண்டிய மேஜிக் சீட்டாட்டம் இருக்கிறது, 2023-ல் இந்த ஆட்டத்தை வைத்து உருவான பால்டர்ஸ் கேட் 3 வீடியோ விளையாட்டின் உரிமத் தொகையும் வந்து சேர்ந்தது. அந்த ஏற்ற இறக்கத்தில் ஒரு விதிநூலின் விற்பனையைத் தேடுவது குளத்தில் விழுந்த மழைத்துளியைத் தேடுவது போல. அமேசான் தரவரிசை இன்னும் மோசம். அது சில மணி நேரத்து விற்பனையை மற்றப் புத்தகங்களோடு ஒப்பிட்டுக் காட்டுவது. ஒருநாள் தள்ளுபடி போட்டால் எகிறும், மறுநாள் இறங்கும். ஏறிய மணியில் ஒருவர் படம் எடுத்து வைத்துக்கொள்கிறார், இறங்கிய மணியில் மற்றவர்.

இனி ஒரு பதிப்பு விற்றது அல்லது படுத்தது என்ற செய்தி உங்கள் மேசைக்கு வந்தால் செய்ய வேண்டியது அதிகமில்லை. எண்ணியது கடைக்கு அனுப்பியதையா, வாடிக்கையாளர் வாங்கியதையா என்று கேளுங்கள். எந்தக் கடை வகை உள்ளே, எது வெளியே? முதல் மாதமா, முதல் ஆண்டா, வாழ்நாளா. ஒப்பிடும் பழைய பதிப்புக்கும் அதே கால அளவா? ஆட்டக்காரர் நூலையும் நடத்துநர் நூலையும் கலந்துவிடவில்லையே? மேசைக்கு ஒருவர் வாங்குவதையும் ஐந்து பேர் வாங்குவதையும் ஒரே வரியில் போட்டால் கணக்கு கெட்டது. கடைசியாக ஒரு சோதனை: அதே எண்ணை, எழுதியவருக்குப் பிடித்த பதிப்பின் பெயரில் மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் அவர் அதே முடிவுக்கு வருவாரா? '45,000' என்பது பிடித்த பதிப்புக்கு 'அரை லட்சத்தை நெருங்கியது', பிடிக்காத பதிப்புக்கு 'அரை லட்சத்தைக்கூடத் தொடவில்லை' என்று வந்தால், அந்தக் கட்டுரையில் எண் இருக்கிறது, கணக்கு இல்லை.

கட்டுரையின் அந்த வாக்கியத்துக்குத் திருத்தம் போடுவதானால் இப்படிப் போடலாம்: '2010-ன் மூன்றாம் காலாண்டில் அமெரிக்க விளையாட்டுக் கடை வட்டாரத்தின் தரவரிசையில் நான்காம் பதிப்பும் பாத்ஃபைண்டரும் சமமாக இருந்தன, 2011-ன் இரண்டாம் காலாண்டில் பாத்ஃபைண்டர் முந்தியது. இணையச் சந்தாவும் நிறுவனங்களின் நேரடி விற்பனையும் இந்த வரிசையில் சேரவில்லை.'

இப்படிக்கு,
மேசை விளையாட்டு வாசகர் ஒருவர்